சாப்பிட்ட கஞ்சா ஏன் தாமதமாகத் தாக்குகிறது?

வாசகர் கேள்விகளும் மருந்தியல் பதில்களும்

கஞ்சாவைப் புகைத்தால் உடனே ஏறுகிறது. சாப்பிட்டால் ஒரு மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாமல் இருந்து, பிறகு தாங்க முடியாத அளவுக்கு ஏறுகிறது என்கிறார்கள். பொருள் ஒன்றுதானே, பிறகு ஏன் இப்படி?

பொருள் ஒன்றுதான். அது உடலுக்குள் போகும் பாதை வேறு. அந்தப் பாதையிலேயே பொருளும் கொஞ்சம் மாறிவிடுகிறது.

கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி என்ற வேதிப்பொருள். புகையில் வரும் டிஎச்சி நுரையீரலின் காற்றறைகளைத் தாண்டி ரத்தத்தில் கலக்கிறது. அங்கிருந்து இதயம், இதயத்திலிருந்து நேரே மூளை. சில நொடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் விளைவு தெரியத் தொடங்கும். ரத்தத்தில் டிஎச்சி உச்சத்தைத் தொடுவது 3 முதல் 10 நிமிடத்துக்குள். போதை ஏறக்குறைய அரை மணி நேரத்தில் உச்சத்துக்கு வந்து, பெரும்பாலானவர்களுக்கு 2 அல்லது 3 மணி நேரத்தில் வடிந்துவிடும்.

சாப்பிட்டால் அது முதலில் இரைப்பையைக் கடக்க வேண்டும். பிறகு சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலுக்குச் செல்லும் ரத்தக்குழாய் வழியாகக் கல்லீரலை அடைகிறது. உடலின் மற்ற பகுதிகளுக்குப் போவதற்கு முன்பே கல்லீரலின் நொதிகள், முக்கியமாக சிஒய்பி2சி9, அதன் மீது வேலை செய்கின்றன. அப்போது உண்டாவது 11-ஹைட்ராக்ஸி டிஎச்சி. இது வெறும் கழிவு என்று நினைத்துவிடக் கூடாது. இதுவும் போதை தரும், மூளைக்குள் எளிதாக நுழையும். புகைப்பவரின் ரத்தத்தில் இது டிஎச்சியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். சாப்பிட்டவரின் ரத்தத்திலோ டிஎச்சிக்கு ஏறத்தாழ சமமாகவும், சில நேரம் அதிகமாகவும் இருக்கும். ஆக, சாப்பிட்டவருக்குள் ஒரே நேரத்தில் இரண்டு போதைப்பொருள்கள் வேலை செய்கின்றன.

அதனால் கணக்கே மாறிவிடுகிறது. தொடங்க 30 முதல் 90 நிமிடம், உச்சத்துக்கு 2 முதல் 4 மணி நேரம், முழுதாகத் தணிய 6 முதல் 8 மணி நேரம். அளவு கூடியிருந்தால் 12 மணி நேரம் வரைகூட நீளும். மறுநாள் காலையில் தலை மந்தமாக இருப்பதும் சாப்பிட்டவர்களிடம்தான் அதிகம்.

கல்லீரல் டிஎச்சியில் பெரும்பகுதியை மாற்றிவிடுகிறது என்றால், சாப்பிடுவது பலவீனமாகத்தானே வேலை செய்ய வேண்டும்?

ரத்தத்துக்கு வந்துசேரும் டிஎச்சியை மட்டும் அளந்தால் நீங்கள் சொல்வது சரி. சாப்பிட்டதில் சுமார் 4 முதல் 12 சதவீதம் மட்டுமே டிஎச்சியாக ரத்தத்துக்கு வருகிறது. புகைத்ததில் 10 முதல் 35 சதவீதம். டிஎச்சி 3.55 சதவீதம் கொண்ட ஒரே ஒரு கஞ்சா சிகரெட்டைப் புகைத்தவர்களிடம் பிளாஸ்மாவில், அதாவது அணுக்கள் நீங்கலான ரத்தத் திரவத்தில், சராசரி உச்சம் மில்லிலிட்டருக்கு 162 நானோகிராம் என்று 1992-ல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. 25 மில்லிகிராம் டிஎச்சி கலந்த கேக் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் சராசரி உச்சம் 3.5 நானோகிராம் மட்டுமே என்று 2017-ல் வெளியான இன்னொரு ஆய்வு காட்டியது. முழு ரத்தத்தைவிடப் பிளாஸ்மாவில் டிஎச்சி ஏறக்குறைய இரு மடங்காகத் தெரியும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி மிகப் பெரியது.

ஆனால் அந்த 3.5 நானோகிராமைச் சுமந்தவர்கள் தெளிவாக இல்லை. அவர்களுடைய கவனமும் நினைவாற்றலும் நன்றாகவே தடுமாறின. 11-ஹைட்ராக்ஸி டிஎச்சி ஒரு காரணம். குடலிலிருந்து மெதுவாக, விடாமல் உள்ளே வந்துகொண்டிருப்பது இன்னொன்று.

மூன்றாவது காரணம்தான் எங்கள் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரியது. புகைப்பவர் இரண்டு இழுப்பு இழுக்கிறார், ஏறுவது தெரிகிறது, நிறுத்திக்கொள்கிறார். அளவை அவரது மூளையே அவ்வப்போது சொல்லிவிடுகிறது. சாப்பிடுபவருக்கு அந்தத் தகவல் கிடைப்பதில்லை. விளைவு தெரியும்போது முழு அளவும் வயிற்றுக்குள் போய்விட்டிருக்கும். அதைத் திரும்ப எடுக்க வழி கிடையாது.

முக்கால் மணி நேரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லை என்று இன்னொரு துண்டு சாப்பிட்டால் என்ன ஆகும்?

அளவு மிஞ்சி மருத்துவமனைக்கு வருபவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். முதல் துண்டு ஏறிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது அதன் மேல் சேர்கிறது. இரண்டின் உச்சமும் ஒன்றன் மேல் ஒன்று விழுகிறது.

அளவுகளைப் பற்றி ஒரு மதிப்பீடு இருப்பது நல்லது. டிஎச்சியையே மருந்தாகத் தரும் டிரோனபினால் மாத்திரைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1985-ல் அனுமதி தந்தது. பசியின்மைக்கு அதை மருத்துவர்கள் தொடங்கும் அளவு 2.5 மில்லிகிராம்தான். ஆய்வுகளில் ஒப்பிடுவதற்காக 2021-ல் அங்கே நிர்ணயிக்கப்பட்ட ஓர் அலகு 5 மில்லிகிராம். பழக்கமில்லாத ஒருவருக்கு 10 மில்லிகிராமே கடும் பதற்றத்தைக் கொடுக்கலாம். கடையில் விற்கும் ஒரு சாக்லேட் பட்டையில் 100 மில்லிகிராம் இருக்கக்கூடும், அதை வழக்கமான சாக்லேட் போல முழுதாகச் சாப்பிட்டுவிடுபவர்களும் உண்டு.

அளவு தெரிந்திருந்தாலும் நேரத்தைக் கணிக்க முடியாது. வயிற்றில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். கொழுப்பு நிறைந்த உணவோடு அதே டிரோனபினால் மாத்திரையைக் கொடுத்தபோது, ரத்தத்தில் உச்சம் வரும் நேரம் சுமார் 4 மணி நேரம் தள்ளிப்போனது. உடலுக்குக் கிடைத்த மொத்த டிஎச்சி 2.9 மடங்கு கூடியது. விருந்து சாப்பிட்டுவிட்டு, “இன்னும் ஏறவில்லையே” என்று காத்திருப்பவருக்கு அது தாமதமாகவும் வரும், அதிகமாகவும் வரும்.

பரம்பரையும் இதில் தலையிடுகிறது. சிலருக்குப் பிறப்பிலேயே சிஒய்பி2சி9 நொதியின் வேகம் குறைவு. மந்தமான வகை மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு, அதே அளவைச் சாப்பிட்டாலும் உடலுக்குக் கிடைக்கும் மொத்த டிஎச்சி சுமார் மூன்று மடங்காகும். பரிசோதனை செய்யாமல் இது யாருக்கும் தெரியாது. வீட்டில் தயாரித்த பண்டங்களில் இன்னொரு சிக்கல்: டிஎச்சி கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. மாவில் சமமாகக் கலக்காமல் ஒரு மூலையில் திரண்டுவிடும். ஒரே தட்டில் வெட்டிய இரண்டு துண்டுகள் ஒன்றாக இருக்கும் என்று நம்பவே கூடாது.

எனவே ஒன்றும் தெரியவில்லை என்றாலும் அன்றைக்கு இரண்டாவது துண்டு வேண்டாம். அதோடு மதுவும் வேண்டாம். மது, டிஎச்சியின் ரத்த அளவையே உயர்த்துகிறது.

பச்சை இலையை அப்படியே தின்றால் போதை வருமா?

பச்சைச் செடியில் இருப்பது பெரும்பாலும் டிஎச்சி அமிலம். அது போதை தராது. சூடு பட்டால்தான் டிஎச்சியாக மாறும். புகைக்கும்போது நெருப்பே அதைச் செய்துவிடுகிறது. ஆனால் காயவைத்து வெகுநாள் வைத்திருந்தாலும் ஒரு பகுதி தானாக மாறும் என்பதால், சமைக்காத இலை என்றால் ஒன்றும் செய்யாது என்று கொள்ள முடியாது.

புகை இல்லாததால் சாப்பிடுவதுதான் உடம்புக்கு நல்லது என்கிறார் என் நண்பர். சரியா?

நுரையீரலுக்கு மட்டும் சரி. கஞ்சாப் புகையில் தார், கார்பன் மோனாக்சைடு, அமோனியா எல்லாம் உண்டு. தினமும் புகைப்பவர்களுக்கு நாள்பட்ட இருமல், சளி, மூச்சில் விசில் சத்தம் வருவது நன்றாக நிறுவப்பட்ட உண்மை. நிறுத்தினால் இவை பெரும்பாலும் குறையும். புகையிலையைவிட ஆழமாக இழுத்து, அதிக நேரம் அடக்கிவைக்கும் பழக்கம் சேதத்தைப் பெருக்குகிறது. ஒரே ஆட்கள் புகையிலையையும் கஞ்சாவையும் புகைத்து ஒப்பிட்ட 1988-ஆம் ஆண்டு ஆய்வில், கஞ்சாவின்போது ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏற்றம் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு, உள்ளே போன தார் சுமார் மூன்று மடங்கு. மூச்சை அடக்குவதால் போதை பெரிதாகக் கூடுவதில்லை. டிஎச்சியின் பெரும்பகுதி முதல் சில நொடிகளிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அடக்கிவைப்பதால் படிவது தார்தான். பூஞ்சை பிடித்த கஞ்சாவைப் புகைத்தால் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு நுரையீரலில் கடும் தொற்று வரலாம்.

சாப்பிடுவதில் இவை எதுவும் இல்லை. இதயத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. எந்த வழியில் போனாலும் டிஎச்சி இதயத் துடிப்பை நிமிடத்துக்கு 20 முதல் 50 வரை கூட்டும். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைச் சரியவைக்கும். புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் 4.8 மடங்கு என்று 2001-ல் ஓர் ஆய்வு கண்டது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுப் பதிவுகளை வைத்து 2019-ல் வெளியான ஆய்வை உங்கள் நண்பருக்குச் சொல்லுங்கள். அம்மாநிலத்தில் விற்ற டிஎச்சியில் உண்ணும் பண்டங்களின் பங்கு 0.32 சதவீதம். கஞ்சாவால் அந்த அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் அவற்றைச் சாப்பிட்டவர்களின் பங்கு 10.7 சதவீதம். கடும் மனநலக் கோளாறு அவர்களில் 18 சதவீதத்தினருக்கு, புகைத்தவர்களில் 10.9 சதவீதத்தினருக்கு. இதயம், ரத்தக்குழாய் சார்ந்த அறிகுறிகள் 8 சதவீதத்துக்கு எதிராக 3.1. நிற்காத வாந்தி மட்டும் புகைத்தவர்களிடம் அதிகம். வருடக்கணக்கில் அடிக்கடி பயன்படுத்துபவர்களுக்கு வரும் இந்த வாந்தி, வெந்நீரில் குளித்தால் தற்காலிகமாக அடங்கும். முழுதாக நிறுத்தினால்தான் தீரும்.

மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எந்த வழியால் அதிகப் பிரச்சினை?

இரண்டாலும் உண்டு, ஆனால் வெவ்வேறு மாத்திரைகளோடு. பூஞ்சைத் தொற்றுக்கான ஃபுளூகோனசோல், கீட்டோகோனசோல், பாக்டீரியா தொற்றுக்கான கிளாரித்ரோமைசின் ஆகியவை கல்லீரல் நொதிகளை மட்டுப்படுத்தும், அதனால் சாப்பிட்ட டிஎச்சி உடலில் அதிகம் தங்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு எந்த வழியிலும் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம்.

இன்னொரு பக்கம், புகையிலுள்ள கரிமச் சேர்மங்கள் சிஒய்பி1ஏ2 என்ற வேறொரு நொதியைத் தூண்டிவிடும். அதனால் ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், மனநலத்துக்கான குளோசபின், ஓலான்சபின் ஆகியவற்றின் அளவு ரத்தத்தில் குறையும். இதைச் செய்வது டிஎச்சி அல்ல, புகை. ஆகவே புகைப்பதை நிறுத்தும்போது, அதே குளோசபின் மாத்திரை திடீரென அதிகமாகிவிடலாம். நிறுத்தப்போவதை மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள்.

வீட்டில் இருந்த கஞ்சா மிட்டாயைக் குழந்தை தின்றுவிட்டால்?

இதற்கு நாங்கள் நீளமாகப் பதில் சொல்கிறோம், ஏனென்றால் உயிருக்கு ஆபத்து வருவது இங்கேதான்.

குழந்தை இப்போது நன்றாக விளையாடுகிறதே என்று காத்திருக்காதீர்கள். அறிகுறி தெரிய சில மணி நேரம் ஆகலாம். முதலில் தூக்கக்கலக்கம், தள்ளாட்டம், வாந்தி. கடுமையானால் மூச்சு மெதுவாகும், வலிப்பு வரலாம், எழுப்பினாலும் எழாத மயக்கம் வரலாம். பெரியவர்களுக்குக் கஞ்சாவால் மூச்சு நின்றுபோவது மிக அரிது. சிறு குழந்தைகளுக்கு மூச்சுக்கருவி தேவைப்படும் நிலையே வந்திருக்கிறது. எடையில் கிலோவுக்கு 1.7 மில்லிகிராம் டிஎச்சியைத் தாண்டினால் கடுமையான, நீடித்த பாதிப்பை எதிர்பார்க்க வேண்டும் என்கிறது 2023-ல் வெளியான ஆய்வு. 10 கிலோ குழந்தைக்கு அது 17 மில்லிகிராம், அதாவது 10 மில்லிகிராம் மிட்டாய் இரண்டே போதும். அமெரிக்க விஷ முறிவு மையங்களுக்கு, 6 வயதுக்குட்பட்டவர்கள் இப்படித் தின்றதாக 2017-ல் வந்த அழைப்புகள் 207. 2021-ல் 3,054.

வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். தூங்கி வழிந்தால் வாயில் பால், தண்ணீர் எதுவும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மிச்சமிருக்கும் மிட்டாயும் உறையும் கையோடு இருக்கட்டும். எத்தனை மணிக்கு, எவ்வளவு, குழந்தையின் எடை என்ன என்பதைச் சொல்லுங்கள். உண்மையை மறைக்காதீர்கள். மறைத்தால் மயங்கிக் கிடக்கும் குழந்தைக்கு மூளைக்காய்ச்சலா, தலையில் அடியா என்று ஸ்கேனும் முதுகுத்தண்டில் நீர் எடுப்பதும் நடக்கும். உங்கள் பயம் எங்களுக்குப் புரிகிறது. அந்தப் பயத்தை விடக் குழந்தையின் நேரம் பெரிது. முறிவு மருந்து கிடையாது. மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கவனித்துக் காப்பதுதான் சிகிச்சை. ஒரு நாளோ அதற்கு மேலோ கண்காணிப்பு தேவைப்படலாம்.

பெரியவர் ஒருவர் அதிகம் சாப்பிட்டுப் படபடத்தால் என்ன செய்வது?

வெளிச்சமும் இரைச்சலும் குறைந்த இடத்தில் உட்காரவோ படுக்கவோ வையுங்கள். தனியாக விடாதீர்கள். எழுந்தால் மெதுவாக எழட்டும். செத்துவிடுவேன் என்று அவருக்குத் தோன்றும். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், இன்னும் எத்தனை மணி நேரத்தில் தணியும் என்று நேரத்தை வைத்துப் பொறுமையாகச் சொல்லுங்கள். காபி போதையை இறக்காது, துடிப்பைத்தான் ஏற்றும். தூக்க மாத்திரையும் தர வேண்டாம். நெஞ்சுவலி, மயங்கி விழுதல், வலிப்பு, மூச்சுத் திணறல், தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் பேச்சு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவமனைதான்.

எவ்வளவு நேரம் கழித்து வண்டி ஓட்டலாம்? சிறுநீர்ப் பரிசோதனையில் எது முதலில் மறையும்?

புகைத்தால் குறைந்தது 6 மணி நேரம், சாப்பிட்டால் குறைந்தது 8 மணி நேரம். அளவு அதிகமென்றால் அன்று ஓட்டவே வேண்டாம். சாப்பிட்டவரின் ரத்தத்தில் டிஎச்சி குறைவாக இருப்பதால் சோதனையில் தப்பலாம், கையும் காலும் கண்ணும் தப்பாது.

சிறுநீரில் தேடப்படுவது கார்பாக்ஸி டிஎச்சி என்ற போதையில்லாத கழிவு. இரண்டு வழியிலும் அதேதான் உண்டாகிறது. ஒரே ஒரு முறை பயன்படுத்தியவருக்குச் சில நாள், தினமும் பயன்படுத்தியவருக்கு 30 நாள் வரை கூடத் தெரியும். கொழுப்புத் திசுவில் தேங்கியது மெல்ல மெல்லத்தான் வெளியேறும், அதிகமாகத் தண்ணீர் குடிப்பதால் அது விரைவுபடாது.