காற்றாலையை எதிர்ப்பவர்கள் அறியாமையால்தான் எதிர்க்கிறார்களா?

காற்றாலை புகை கக்குவதில்லை, நிலக்கரி கேட்பதில்லை, பிறகு ஏன் ஊர்க்காரர்கள் மறிக்கிறார்கள், இது அறியாமைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அறியாமை என்று நான் நினைக்கவில்லை.

நான் கடலூர் மாவட்டத்துக்காரன். பண்ருட்டிக்குக் கிழக்கே எங்களுக்கு முந்திரித் தோப்பு இருந்தது; 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அதை ஒரே காலைப்பொழுதில் சாய்த்துவிட்டது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக வீடு வாசலை விட்டுக் கிளம்பிய குடும்பங்கள் எங்கள் உறவிலேயே உண்டு. ஆகவே நிலக்கரிக்கு மாற்று வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வழியாகத்தான் வேகம் கூடி வருகிறது என்பதால் எங்கள் பக்கம் காற்றாலைக் காடுகள் இல்லை. அவற்றை நான் நெருங்கிப் பார்த்தது, அக்காவைக் கட்டிக்கொடுத்திருக்கும், திருநெல்வேலி மாவட்டத்துப் பணகுடிப் பக்கத்துக் கிராமத்தில்தான். அங்கே அதைக் காற்றாடி என்பார்கள். ஆடி மாதத்து மாலையில் வெயில் சாயும்போது, இறக்கையின் நிழல் முற்றத்தைக் கடந்து சுவரில் ஏறி மறையும். அடுத்த மூச்சுக்குள் இன்னொன்று வரும். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா ஒவ்வொரு முறையும் கண்ணைச் சுருக்கியதைப் பார்த்தேன்.

ஆனால் அந்த ஊர்க்காரர்களின் மனக்குறை நிழலைப் பற்றியதன்று. இறக்கை ஏற்றிய நீண்ட லாரி திரும்புவதற்காகச் சரள் மண் கொட்டி உயர்த்திய பாதை, குளத்துக்கு நீர் கொண்டுவரும் ஓடையைக் குறுக்கே கடந்தது. அதற்கு அடியில் ஒரே ஒரு சிமெண்ட் குழாயைப் பதித்தார்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் அதற்குள் அடங்காமல் பக்கத்து வாழைத் தோட்டத்தில் பாய்ந்தது. குளம் பாதிதான் நிறைந்தது. கேட்கப் போனவர்களிடம் பாதை போட்டவர்கள், நிலத்தை விற்றவர் கையெழுத்துப் போட்டுவிட்டார், பத்திரம் சரியாக இருக்கிறது என்றார்கள். பத்திரம் சரிதான், ஆனால் அந்தக் குளத்தை நம்பியிருக்கும் மற்ற வீடுகளை யாரும் கேட்கவில்லை.

ஊரைக் கேட்காமல் விடுவதற்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், முன் அனுமதி பெற வேண்டிய தொழில்களின் பட்டியலில் காற்றாலை இல்லை. எனவே பெரிய சுரங்கத்துக்குக் கட்டாயமாக நடக்கும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம்கூட இதற்கு நடப்பதில்லை. தூய்மையான தொழில் என்பதால் ஊரைக் கேட்க வேண்டியதில்லை என்று எண்ணிவிட்டார்கள் போலும்.

தூரத்தைக் கூட்டினால் தீர்ந்துவிடும் என்பாரும் உண்டு. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், காற்றாலையின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தள்ளியே வீடு இருக்க வேண்டும் என்று 2014இல் விதி வைத்தார்கள். அங்கே புதிய காற்றாலைகள் எழுவதே அரிதாகிப் போயிற்று. எனக்கு அது சரியாகப் படவில்லை. டென்மார்க்கின் வழியையே நான் மதிக்கிறேன். கோபன்ஹேகன் கரைக்கு எதிரே 2000இல் கடலில் நிறுத்திய 20 காற்றாலைகளில் பாதி, 8,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமாக இருந்தது. தன் பங்கும் சுழல்கிறது என்றால் பார்க்கிற கண்ணே வேறாகிவிடுகிறது.

அக்காவின் ஊரில் யாரும் பங்குகூடக் கேட்கவில்லை. பாதை போடுவதற்கு முன் ஊர்ப் பெரியவர் ஒருவரை அந்த ஓடைக்கரைக்கு அழைத்துப் போயிருந்தால், மழைக்காலத்தில் தண்ணீர் எந்த அளவுக்கு ஏறும் என்று கையால் காட்டியிருப்பார். இன்னும் இரண்டு குழாய்கள் கூடுதலாகப் பதித்திருப்பார்கள்.