பழைய பாட்டுப் புத்தகம்: வயதை எங்கே பார்ப்பது?

கேள்வி (பெரம்பூர் வாசகர்): அல்லிக்குளம் வளாகத்துப் பழைய புத்தகக் கடையில், படம் போட்ட குழந்தைப் பாடல் புத்தகம் ஒன்று பார்த்தேன். முன்பக்கம் சிலது இல்லை. ‘1940-களின் முதற் பதிப்பு, மூவாயிரத்துக்குக் குறையாது’ என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: கடைக்காரரை விடுங்கள், புத்தகத்தையே கேளுங்கள். முதலில் விலை. ‘ரூ. 1-4-0’ என்று ரூபாய், அணா, பை கணக்கில் இருந்தால் அது 1957 ஏப்ரலில் தசம நாணயம் வருவதற்கு முந்தைய வழக்கம். ‘ந.பை.’ (நயா பைசா) என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது.

அடுத்து அச்சக முகவரி. முன்பக்கம் போயிருந்தாலும் கடைசிப் பக்க அடியிலோ பின்னட்டையிலோ பெரும்பாலும் இருக்கும். ‘சென்னை-1’ என்று நின்றால் பழசாக இருக்கலாம். ‘600 001’ என ஆறு இலக்கம் வந்துவிட்டால் 1972 ஆகஸ்டுக்கு முன் அச்சாகியிருக்க வழியில்லை. அப்போதுதான் பின்கோடே வந்தது.

எழுத்தையும் பாருங்கள். லை, ளை, னை, ணை ஆகியவை தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருக்க வேண்டும். இன்றைய வடிவம் அரசாணையாக வந்தது 1978-இல். பெரியாரின் ஏடுகள் 1935 முதலே சீர்திருத்த எழுத்தில் வந்தன என்பது உண்மைதான். ஆனால் சாதாரண அச்சகத்தின் குழந்தைப் புத்தகத்தில் புது எழுத்து இருந்தால் மறுபதிப்பென்றே கொள்ளுங்கள். பழைய எழுத்து மட்டும் சாட்சியாகாது. பழைய அச்சை அப்படியே படமெடுத்துப் போட்ட பதிப்பிலும் அணா விலையும் தும்பிக்கையும் வரும்.

அதைப் பிடிக்கத்தான் கடைகளில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு உதவும். வெளிச்சம் குறைந்த இடத்தில் உள்தாள் ஒன்றின் மேல் காட்டுங்கள். நீலவெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் தாளில் வெளுப்பேற்றி என்னும் ரசாயனம் கலந்திருக்கிறது. அது சுமார் 1950-க்குப் பிந்தைய தாள். டீத்தண்ணீர் தடவிப் பழசாக்கிய பக்கம் ஒரே சீராகப் பழுப்பாக இருக்கும். இயல்பான பழுப்பு ஓரத்திலிருந்து உள்ளே போகப்போக வெளிறும்.

பிறகு பாரம் எண்ணுங்கள். ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடித்த பக்கக் கட்டுதான் பாரம். பல புத்தகங்களில் ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்க அடியிலும் சிறிய எண் இருக்கும். 3-க்கு அடுத்து 5 வந்தால் ஒரு பாரமே போய்விட்டது. அது 16 பக்கமாகக்கூட இருக்கலாம். தனித்தாளில் அச்சிட்டு ஒட்டிய வண்ணப் படங்கள்தான் முதலில் காணாமல் போகும். பிய்த்த இடத்தில் பசைத் தடம் தெரியும். கன்னிமாரா நூலகத்தில் அதே தலைப்பு இருந்தால் பக்க எண்ணிக்கையை ஒப்பிட்டுவிட்டு வாங்கப் போங்கள்.

நீங்கள் பார்த்த பிரதியில் பதிப்பு விவரப் பக்கமே இல்லை. முதற் பதிப்பு என்று காட்டும் நேரடிச் சான்று போனபின் அந்த விலை எதற்கு? படங்கள் முழுசாக இருந்து மனசுக்குப் பிடித்தால் ‘பழைய புத்தகம்’ விலைக்குக் கேளுங்கள்.

கேள்வி (ராயபுரம் வாசகி): ‘1881 ஒரிஜினல்’ என்று இணையத்தில் போட்டிருந்த ஓவியர் கேட் கிரீன்அவே படம் வரைந்த ஆங்கிலக் குழந்தைப் பாடல் புத்தகத்தை வாங்கினேன். உள்ளே ஆண்டே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஆண்டு இல்லாததை வைத்து முடிவு கட்ட வேண்டாம். முதற் பதிப்பிலும் ஆண்டு கிடையாது. பதிப்பாளர் பெயர் ரூட்லெட்ஜ் என்றால் பழைய பதிப்பாகும் வாய்ப்புண்டு. வார்ன் என்றால் பிந்தைய மறுபதிப்பு. பிறகு பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் படத்தைப் பாருங்கள். முதற் பதிப்பை அச்சிட்ட எட்மண்ட் எவன்ஸ் படங்களை மரக்கட்டைகளில் செதுக்கி, நிறத்துக்கு ஒரு கட்டையாக அச்சிட்டார். கோடும் தட்டையான நிறமும் தெரியும். பூப்போல வட்டமாகக் கூடிய நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் நவீன ஆஃப்செட்.

அப்படியானால் விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, பில், பார்சல் உறை மூன்றையும் எடுத்து வைத்து, முதலில் விற்பனையாளருக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். அதிலும் தீராவிட்டால், தொழிலாக விற்பவர் மீது உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

கேள்வி (திருவொற்றியூர் வாசகர்): கடற்காற்றில் புத்தகம் கெடாமல் எப்படி வைப்பது? ராமபாணப் பூச்சி வேறு.

பதில்: பூச்சி இருந்தால் புத்தகத்தைக் காற்றுப் போகாத பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். இல்லையேல் வியர்த்து மை கசியும். அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டாமல் நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் மட்டும் வேண்டாம். பசை பழுப்பாக ஊறிப் படத்தையே தின்னும். மெல்லிய ஜப்பானியத் தாளைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டினால் பின்னாளில் ஈரம் தொட்டுப் பிரித்துக்கொள்ளலாம். லேமினேஷன் பக்கமே போகாதீர்கள்.