முன்பின் தெரியாதவர் பார்சல் தந்தால்

"அண்ணாச்சி, அடுத்த வாரம் திருவனந்தபுரத்துல ஏறி துபாய் வாறேன். வள்ளியூர்ல பக்கத்துத் தெருக்காரர், பழக்கம் கிடையாது, மகனுக்கு ஒரு பார்சல் கொண்டுபோகச் சொல்றார். நல்ல மனசோட செய்ற உதவிதானே, வாங்கலாமா?"ன்னு கேட்டிருக்கீங்க.

வாங்குங்க தம்பி, பிரிச்சுப் பாத்துட்டு. இங்கே பெட் ஸ்பேஸில் (பலர் தங்குற அறையில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு) கிடக்கிற பையனுக்கு வீட்டுக் கருப்பட்டி வந்து சேருறது சின்ன விஷயமில்லை. அந்த வழக்கம் நிக்கக் கூடாது. ஆனா பெட்டியில ஒட்டுற டேக்கில் உங்க பேர்தான் இருக்கும். சுங்கத்தில் யார் தந்ததுன்னு சொல்லித் தப்ப முடியாது.

அல்வா, முறுக்கில் வில்லங்கமில்லை. மாட்டிவிடுறது கசகசா. அமீரகத்தில் அது தடை செய்த பொருள். தனிப் பொட்டலமா இல்லாட்டியும் வீட்டில் திரிச்ச கறிமசாலாவில் கலந்திருக்கும். என்னென்ன வறுத்துப் போட்டாங்கன்னு திரிச்சவங்ககிட்டயே கேளுங்க. அதைவிட மோசம் மாத்திரை. டிரமடால்ங்கிற வலி மாத்திரைக்கும், கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் இங்கே கட்டுப்பாடு உண்டுன்னு பலருக்குத் தெரியும். சர்க்கரைக்காரங்க கால் எரிச்சலுக்குப் போடுற பிரீகாபலினும் அந்தப் பட்டியலில் இருக்குன்னு தெரியாது. நம்ம ஊரில் டாக்டர் சீட்டுக்கு அன்றாடம் தர்ற மருந்துதான். அட்டையில் நாலை மட்டும் கத்தரிச்சு கவரில் போட்டுத் தந்தா மருந்துப் பேரே இருக்காது. சீட்டு இருந்தாலும் அதில் இருக்கிறது வேற ஆள் பேரு. அதனால அடுத்தவர் மருந்தைத் தொடவே தொடாதீங்க. அந்தப் பையன் இங்கேயே டாக்டரைப் பாக்கட்டும்.

ஒட்டிக் கட்டின பார்சலை வாங்காதீங்க. முந்தின நாளே திறந்தபடி கொண்டுவரச் சொல்லி, அவர் முன்னாலயே ஒவ்வொண்ணா வெளியே எடுங்க. டப்பாவைத் திறங்க, துணியை உதறுங்க, செருப்பு இருந்தா அடிப்பாகத்தை அமுக்கிப் பாருங்க. போட்டோ எடுத்து, எடை போட்டு, நீங்களே கட்டுங்க. வாங்கப்போற பையன்கிட்டயும் ஒரு தடவை போனில் பேசிருங்க. "நம்பிக்கை இல்லையாக்கும்"னு முகம் சுளிச்சா, "எல்லார்கிட்டயும் இப்படித்தான் அண்ணாச்சி"ன்னு பணிவா சொல்லுங்க. பெத்தவங்க பெரும்பாலும் புரிஞ்சுக்குவாங்க. அப்பவும் பிரிக்க விடலைன்னா வேண்டாம்.

ஏர்போர்ட் வரிசையில் "எடை கூடிப்போச்சு, இதை மட்டும் வச்சுக்கோங்க"ன்னு நீட்டுறவங்ககிட்ட, எவ்வளவு வயசானவங்களா இருந்தாலும், வாங்கக் கூடாது. வீல்சேர் கேட்டு வாங்கிக் கொடுங்க, கவுன்ட்டர் வரைக்கும் கூட நடங்க.

இங்கே வந்தபிறகு இன்னொண்ணு. ஊர்க்காரர் யாராவது தவறிட்டா வாட்ஸாப்பில் வசூல் பண்ணக் கை பரபரக்கும். அனுமதியில்லாம தனி ஆள் நன்கொடை திரட்டுறது இங்கே குற்றம். இந்தியத் துணைத் தூதரகத்தைக் கேளுங்க. வசதியில்லாதவங்க உடலை ஊருக்கு அனுப்ப 2009இல் தொடங்கின இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உதவி கிடைக்க வழி இருக்கு. துபாயில் இந்தியர் உதவி மையத்துக்கு இலவச எண் 800 46342. இப்பவே போனில் பதிஞ்சு வைங்க.