ஒட்டுண்ணி உயிரினத்தை வைத்துக் குறைந்த செலவில் எடுத்த அறிவியல் திகில் படங்களில் உங்களை நிஜமாகவே பயமுறுத்தியது எது? ஏன்?

'தி டிங்லர்'. 1959இல் வந்த அமெரிக்கப் படம், கறுப்பு வெள்ளை. தயாரித்து இயக்கியவர் வில்லியம் காசில், எழுதியவர் ராப் வைட்.

கேள்வியில் 'நிஜமாகவே' என்று கேட்டிருக்கிறீர்கள். அதனால்தான் இந்தப் படத்தைச் சொல்கிறேன். இதைவிட அருவருப்பான ஒட்டுண்ணிப் படங்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். வயிற்றைக் கிழித்துக்கொண்டு வரும், வாய்வழியாக இறங்கும், தோலுக்கடியில் நெளியும். பார்க்கும்போது முகத்தைச் சுளிப்பேன், படம் முடிந்ததும் தூங்கிவிடுவேன். டிங்லர் பார்த்த இரவு தூக்கம் வரவில்லை. அதில் வரும் பிராணியோ ஒரு ரப்பர் பொம்மைதான்.

கதை இதுதான். வின்சென்ட் பிரைஸ் பிணப் பரிசோதனை செய்யும் மருத்துவராக வருகிறார். மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஒரு கைதியின் உடலைப் பரிசோதிக்கும்போது முதுகெலும்பு நொறுங்கியிருப்பதைப் பார்க்கிறார். பயத்தின் உச்சத்தில் செத்தவர்களிடம் இதை அவர் முன்பே கவனித்திருக்கிறார். பயம் வந்தால் நமக்கு முதுகுத்தண்டு சில்லிடுகிறது அல்லவா? அது வெறும் உணர்ச்சி இல்லை, அங்கே ஓர் உயிரினமே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவருடைய முடிவு. நாம் பயப்படப் பயப்பட அது பெருத்து, முதுகெலும்பை இறுக்கிப் பிடிக்கும். கத்திவிட்டால் தளர்ந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். கத்த முடியாவிட்டால் எலும்பை நொறுக்கிவிடும்.

இந்த யோசனையை விட்டு என்னால் நகரவே முடியவில்லை. மற்ற ஒட்டுண்ணிப் படங்களில் அது வெளியிலிருந்து வருகிறது. விண்கல்லில் வரும், ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பிவரும். யாரையும் தொடாமல் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பிழைக்க வழி உண்டு. டிங்லர் என்ற இந்தப் பிராணி அப்படி இல்லை. எல்லோருக்குள்ளும் ஏற்கெனவே இருக்கிறது, எனக்குள்ளும் உங்களுக்குள்ளும். தொற்று என்ற பேச்சே கிடையாது, எங்கே ஓடுவது?

நிஜ உலகில் பயத்தோடு விளையாடும் ஒட்டுண்ணி ஒன்று இருக்கிறது. டாக்சோபிளாஸ்மா என்ற ஒற்றைச் செல் உயிரி. பூனை இனத்தின் குடலில்தான் அதன் பாலினப்பெருக்கம் நடக்கும். அது தொற்றிய எலிகள் பூனையின் வாடைக்கு இயல்பாகக் காட்ட வேண்டிய பயத்தை இழந்துவிடுவதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். எலி பயப்படாமல் இருந்தால்தான் அந்த ஒட்டுண்ணி பூனையிடம் போய்ச் சேர வழி பிறக்கும். படத்தில் வருவது அதற்கு நேர் எதிர்: பயம் இருந்தால்தான் இந்தப் பிராணிக்கு உடம்பே. உயிரியல் கணக்கில் இது தேறாது. ஆனால் பிரைஸ் அந்த வசனங்களைச் சொல்லும் விதத்தைப் பாருங்கள். ஒரு இடத்தில்கூடக் கண்ணடிக்க மாட்டார். கொஞ்சம் நக்கலாகச் சொல்லியிருந்தாலும் படம் அங்கேயே செத்திருக்கும். தன் மனைவியையே துப்பாக்கியைக் காட்டி மிரட்டி, அந்தப் பயத்தோடு எக்ஸ்ரே எடுக்கும் ஆள் அவர். அப்புறம் தானும் பயந்து பார்க்க வேண்டும் என்று எல்எஸ்டி போதை மருந்தை ஊசியில் ஏற்றிக்கொள்கிறார். அந்த மருந்து அமெரிக்காவில் அப்போது தடைசெய்யப்பட்டிருக்கவில்லை.

சரி, இனி என்னைப் பயமுறுத்திய இடத்துக்கு வருகிறேன். முடிவைச் சொல்லமாட்டேன், ஆனால் நடுப்பகுதியைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

மார்த்தா என்று ஒரு பெண். கணவரோடு சேர்ந்து மௌனப் படங்கள் மட்டும் ஓடும் ஒரு சின்னத் திரையரங்கை நடத்துகிறார். அவருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார். ஜூடித் எவலின் நடித்திருக்கிறார். கத்தினால்தான் பிழைக்கலாம் என்று படம் ஒரு விதியைப் போட்டாயிற்று. கத்தவே முடியாத ஒருவரை அடுத்து நம் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்த நிமிடமே எனக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டது.

ஓர் இரவு அவர் வீட்டில் தனியாக இருக்கிறார். ஆடும் நாற்காலி தானாக ஆடுகிறது. கோர முகத்தோடு ஓர் உருவம் ஆயுதத்தோடு வருகிறது. ஓடிப்போய்க் குளியலறைக்குள் புகுந்துகொள்கிறார். அங்கே குழாயிலிருந்து ரத்தம் கொட்டுகிறது. சிவப்பு ரத்தம்! சுவர், தொட்டி, அந்தப் பெண்ணின் முகம், உடை எல்லாம் சாம்பல் நிறத்தில் அப்படியே இருக்க, ரத்தம் மட்டும் சிவப்பு. தொட்டி நிறையச் சிவப்பு. அதற்குள்ளிருந்து ரத்தம் வழிய வழிய ஒரு கை மெல்ல மேலே எழுகிறது. மருந்து அலமாரியின் கதவு திறக்கிறது, உள்ளே அவருடைய பெயரிலேயே ஓர் இறப்புச் சான்றிதழ். ஜூடித் எவலின் வாயைத் திறக்கிறார், கழுத்து நரம்பு புடைக்கிறது, சத்தம் வரவில்லை.

இதை எப்படி எடுத்தார்கள் என்று பிறகு படித்தபோது இன்னும் பிடித்துப்போனது. அந்தக் காட்சியை மட்டும் வண்ணப் படச்சுருளில் எடுத்திருக்கிறார்கள். குளியலறை முழுவதையும் கறுப்பு, வெள்ளை, சாம்பல் என்று பூசி, நடிகையின் முகத்துக்கும் சாம்பல் நிற ஒப்பனை போட்டிருக்கிறார்கள். ஆகவே வண்ணப் படமே கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது, ரத்தத்துக்கு மட்டும் நிறம் இருக்கிறது. படத்தின் மொத்தச் செலவு சுமார் 4 லட்சம் டாலர் என்று சொல்கிறார்கள். அதே ஆண்டில் வந்த 'பென்ஹர்' படத்துக்கு ஒன்றரைக் கோடி டாலர் செலவானது. பணம் இல்லாதவர்கள் கொஞ்சம் சாயத்தை வைத்துக்கொண்டு செய்த வேலை இது. அந்தச் சிவப்பை இன்று கணினியில் ஒரு மணி நேரத்தில் ஏற்றிவிடலாம், ஆனால் ஓர் அறையையும் ஒரு மனுஷியின் முகத்தையும் சாம்பலாக்கிப் பார்க்கலாம் என்று முதலில் ஒருவருக்குத் தோன்ற வேண்டும்.

தூக்கத்தில் நெஞ்சின்மேல் ஏதோ உட்கார்ந்து அமுக்குவது போல இருக்கும், பக்கத்தில் படுத்திருப்பவரைக் கூப்பிட நினைத்தும் நாக்கு எழாது. அமுக்குவான் பேய் என்போமே, அது எனக்குச் சின்ன வயதிலிருந்து வந்துபோகும். மார்த்தாவைப் பார்த்தபோது அதே திணறல்தான் விழித்திருக்கையிலேயே வந்தது. பிராணி இன்னும் திரையில் முழுதாக வரக்கூட இல்லை.

அவர் இறந்த பிறகு மருத்துவர் அந்த உடலிலிருந்து அதை எடுக்கிறார். கத்தாமலே செத்ததால் அது அழியாமல் முழு வடிவத்தில் கிடைக்கிறது. ஒரு முழங்கைக்குக் கொஞ்சம் பெரிய பூரான் மாதிரி இருக்கும். தரையில் ஊரும்போது இழுக்கும் கயிறு தெரிகிறது, மறைக்க முடியாத குறைதான் அது. பலர் அதைச் சொல்லித்தான் இந்தப் படத்தைத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஏனென்றால் அதற்கு அடுத்து நடப்பது கயிற்றைப் பற்றிய கவலையையே இல்லாமல் செய்துவிடுகிறது.

பிராணி தப்பித்து, மார்த்தாவின் வீட்டுக்குக் கீழே இருக்கும் அந்த மௌனப் படத் திரையரங்குக்குள் போய்விடுகிறது. உள்ளே 1921ஆம் ஆண்டு மௌனப் படமான 'டாலரபிள் டேவிட்' ஓடிக்கொண்டிருக்கிறது. இருட்டில் இருக்கைகளுக்கு அடியில் அது ஊர்கிறது. கொஞ்ச நேரத்தில் படம் நின்று வெறும் வெள்ளைத் திரை. அந்த வெள்ளையின் குறுக்கே அதன் நிழல் ஊர்ந்து போகிறது. பிறகு எல்லாம் இருட்டு.

நான் பார்த்தது மடிக்கணினியில், இரவு ஒரு மணிக்கு மேல். மகள் என் இடது கையைத் தலையணையாக வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், அவள் எழுந்துவிடக் கூடாது என்று ஹெட்போன் போட்டிருந்தேன். திரை கறுத்ததும் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கறுத்த கண்ணாடியில் என் முகமும் அவள் தலைமுடியும் மங்கலாகத் தெரிந்தன. அந்த நேரம் பார்த்துக் காதுக்குள் பிரைஸின் குரல்: பதறாதீர்கள், ஆனால் கத்துங்கள், உயிருக்காகக் கத்துங்கள், அது இந்த அரங்குக்குள்தான் இருக்கிறது! கத்தினால் குழந்தை எழுந்துவிடும். வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பிடரியிலிருந்து இடுப்புவரை ஒரு குளிர் இறங்கியது. பயத்தின் அந்தக் குளிருக்குத்தான் இந்தப் படம் ஓர் உடம்பு கொடுத்து, பெயரும் வைத்திருக்கிறது என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது. கத்த முடியாதவளின் இடத்தில் என்னையே உட்கார வைத்துவிட்டது படம். வேறு எந்தப் படமும் எனக்கு இதைச் செய்ததில்லை.

1959இல் அரங்கில் பார்த்தவர்களுக்கு இன்னும் அதிகம் கிடைத்திருக்கிறது. 'பெர்செப்டோ' என்று பெயர் வைத்து, பெரிய அரங்குகளில் சில இருக்கைகளுக்கு அடியில் சின்ன மோட்டார்களைப் பொருத்தியிருக்கிறார் காசில். இரண்டாம் உலகப் போர் விமானங்களுக்காகச் செய்து மிஞ்சிப்போனவை என்று சொல்வார்கள். திரை இருண்டு பிரைஸ் பேசும் அந்த நேரத்தில் இயக்கும் அறையிலிருந்து பொத்தானை அழுத்தினால் இருக்கை அதிரும். முதுகுத்தண்டின் அடியிலேயே அதிரும், யோசித்துப் பாருங்கள். படம் தொடங்கும் முன் காசிலே திரையில் தோன்றி, உங்களில் சிலர் இதை உடம்பிலேயே உணர்வீர்கள், உணர்ந்தால் வெட்கப்படாமல் கத்துங்கள் என்று எச்சரிப்பார். 1958இல் எடுத்த 'மெக்காபர்' படத்தைப் பார்த்து யாராவது பயத்தில் செத்தால் 1,000 டாலர் என்று ஆயுள் காப்பீடு அறிவித்த மனிதர் அவர். இதையெல்லாம் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் கத்துவதுதான் மருந்து என்று கதையில் ஏற்கெனவே எழுதி வைத்தாயிற்று, மௌனப் பட அரங்குக்குள் பிராணியை விட்டாயிற்று. அதிரும் இருக்கை அந்தக் கதையின் அடுத்த வரி.

கனடாவில் டேவிட் குரோனென்பெர்க் 1975இல் எடுத்த 'ஷிவர்ஸ்' படமும் குறைந்த செலவுப் படம்தான். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு முழுக்க ஒட்டுண்ணி பரவும். அதில் தோலுக்கடியில் ஏதோ நகர்வதைக் காட்டும் இடங்கள் பிரமாதம். குமட்டல் வேண்டும் என்றால் அதைப் பாருங்கள். உங்கள் கேள்வி பயத்தைப் பற்றியது என்பதால் எனக்கு டிங்லர்தான் முதலில்.

பார்ப்பதாக இருந்தால் இரண்டு விஷயம். எந்தப் பிரதி கிடைத்தாலும் குளியலறைக் காட்சியில் சிவப்பு இருக்கிறதா என்று முதலில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வேறு பிரதி தேடுங்கள். அப்புறம், தனியாக, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். கடைசிப் பகுதியில் திரை கறுத்ததும் என்னைப் போலச் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று நினைத்து எதையும் தொடவேண்டாம். அந்த இருட்டு படத்தில் உள்ளதுதான்.