மேற்கோள் குறைவு என்று விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்

வணக்கம். 37 வயதாகிறது, 9 ஆய்வுக் கட்டுரைகள்தான், பிற ஆய்வாளர்கள் அவற்றைச் சுட்டிய மேற்கோள்களும் குறைவு, ஈஸ்ட் ஆய்வை யார் மதிப்பார்கள், உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

ஜப்பானிய செல் உயிரியலாளர் யோஷினோரி ஓசுமிக்கு டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சொந்தமாக ஓர் ஆய்வகம் அமைந்தது 1988-இல், 43 வயதில். அவர் எடுத்துக்கொண்டதும் ஈஸ்ட்தான். அதிலும், செல்லின் குப்பைத்தொட்டி என்று பலர் ஒதுக்கிய, வாக்குவோல் என்ற உள்பையை. புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட்டைப் பட்டினி போட்டார். சில மணி நேரத்தில் வாக்குவோலுக்குள் சிறு உருண்டைகள் சேர்ந்து துள்ளுவதை ஒளி நுண்ணோக்கியிலேயே பார்த்தார். செல் தன் பகுதிகளைத் தானே தின்னும் ஆட்டோஃபேஜி அது. அதற்குத் தேவையான மரபணுக்களைத் தேடிய 1993 கட்டுரை வெளிவந்தது ஃபெப்ஸ் லெட்டர்ஸ் என்ற இதழில். நேச்சர், செல் போன்ற பெரிய இதழ்களில் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும். அந்த மரபணுக்களின் இணைகள் மனிதச் செல்லிலும் கிடைத்த பிறகு துறையே பெருகியது. 2016 மருத்துவ நோபல் அவர் ஒருவருக்கே.

விண்ணப்பத்தில் எச்-இன்டெக்ஸை, அதாவது கட்டுரைகளையும் மேற்கோள்களையும் வைத்துக் கணக்கிடும் எண்ணை, முன்னால் வைக்காதீர்கள். நீங்கள் எழுப்பிய கேள்வி, உருவாக்கிய ஈஸ்ட் ரகங்கள், அவற்றைக் கேட்டு வாங்கிய ஆய்வகங்கள் இருந்தால் அந்த விவரம், இவற்றை இரண்டு பத்திகளில் எழுதுங்கள். இதழின் தாக்கக் காரணியை (அதன் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள் அளவை) வைத்து ஆளை எடைபோடக் கூடாது என்கிற டோரா பிரகடனம், 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கச் செல் உயிரியல் சங்கக் கூட்டத்தில்தான் உருவானது. நீங்கள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகம் அதில் கையெழுத்திட்டிருக்கிறதா என்று பாருங்கள். வரைவை இங்கே போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.