ஹைப்பர்லூப் யோசனையை மாணவர் அணிகள் ஏன் மாற்றிக் கட்டின?

காற்றைப் பெருமளவு உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் வண்டி ஓடுவதுதான் ஹைப்பர்லூப். எதிர்க்காற்று குறைவதால் வேகம் கூடும். 2013இல் எலான் மஸ்க் இதை யாரும் எடுத்து வளர்க்கலாம் என்று பொதுவில் வைத்தார். பிறகு அவருடைய ராக்கெட் நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸ், இப்படிப்பட்ட வண்டியைக் கட்டி ஓட்டும் போட்டியை மாணவர்களுக்கு நடத்தியது.

மூலத் திட்டத்தில் வண்டி மெல்லிய காற்றுப் படுகைமேல் மிதக்கும். இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவே என்பதால் தளம் கண்ணாடிபோல் இருக்க வேண்டும், காற்றை அழுத்தித் தரும் கருவியையும் சுமக்க வேண்டும். மாணவர் பட்ஜெட்டில் நடக்கிற காரியமா? அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக அணி, வண்டியை மிதக்கவைக்கக் காந்தங்களுக்குப் போனது. ஜெர்மனியின் மியூனிக் அணி சாதாரணச் சக்கரத்தோடு மணிக்கு 450 கி.மீ. வேகத்தைத் தாண்டியது. போட்டிக் குழாயோ ஒன்றேகால் கி.மீ. நீளம்தான், எனவே பிரேக்தான் உண்மையான தலைவலி. 2019 இறுதிச்சுற்றுக்குச் சென்னை ஐஐடியின் ஆவிஷ்கார் அணியும் போனது.

ஆயிரம் பேர் பந்திக்கான சாம்பாரை நாலு பேருக்கு வைக்கும்போது அண்டாவுக்குப் பதில் குக்கர் வருமே, அப்படித்தான் அணிகளும் தங்கள் அளவுக்கேற்ப யோசனையை மாற்றிக்கொண்டன.

பலர் நினைப்பதுபோல் இந்த மாணவர் வண்டிகள் பயணிகள் ரயிலின் முன்மாதிரிகள் அல்ல. ஆள் ஏறாத சோதனை வண்டிகள்.