மரம் நடுவதற்கு முன் கரண்ட் பில்லைப் பாருங்கள்

கேள்வி: நிபோங் திபாலில் வசிக்கிறேன். பக்கத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் திட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். அடுத்த ஐந்தாண்டு வியூகத் திட்டத்தில் 'நிலைத்தன்மை' (சஸ்டைனபிலிட்டி) என்று ஓர் அத்தியாயம் எழுதச் சொல்கிறார்கள். உலகத் தரவரிசையிலும் இடம் பிடிக்க வேண்டுமாம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தனி அத்தியாயம் வேண்டாம் என்று முதலில் மேலிடத்தில் சொல்லிப் பாருங்கள். தனியாக எழுதினால் நிதிப் பிரிவும் பராமரிப்புப் பிரிவும் 'அது திட்டப் பிரிவின் வேலை' என்று ஒதுங்கிக்கொள்ளும். மிஞ்சுவது வருடத்துக்கு ஒரு மரம் நடுவிழாவும் ஒரு பேனரும்தான். கட்டடம், கொள்முதல், விடுதி, பாடத்திட்டம் என்று எல்லா அத்தியாயத்திலும் ஓர் இலக்கு, அதற்குப் பொறுப்பான ஒருவர், அதற்கான பணம் மூன்றும் இருக்கட்டும்.

இலக்கு வைக்க இன்றைய அளவு தெரிய வேண்டும் அல்லவா? கடந்த மூன்று வருடக் கரண்ட் பில், தண்ணீர் பில், குப்பை அள்ளக் கட்டிய பணம், பஸ்களின் டீசல் செலவு எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். நம் ஊர் வெக்கையில் மின்சாரத்தின் பெரும்பங்கு ஏர்கோனுக்குத்தான் போகும். கூரையில் சூரியத் தகடு போடும் பேச்சுக்கு முன், ஆளில்லாத விரிவுரை மண்டபங்களில் ஏர்கோன் ஓடுகிறதா என்று ராத்திரிக் காவலரிடம் விசாரியுங்கள். எந்த ஆலோசகரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

சட்டத்தையும் கவனியுங்கள். 2025 ஜனவரி 1 முதல் மலேசியாவில் நடப்பில் உள்ள எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டத்தின்படி, ஓர் ஆண்டில் 21,600 கிகாஜூல், அதாவது மின்சாரக் கணக்கில் 6 மில்லியன் யூனிட், அல்லது அதற்கு மேல் பயன்படுத்துவோர் பதிவுபெற்ற எரிசக்தி மேலாளரை நியமித்தாக வேண்டும். உங்கள் வளாகம் அந்த அளவைத் தொடுகிறதா என்று பில்லைக் கூட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சரி, தரவரிசை. ஐநாவின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளுக்குப் பல்கலைக்கழகங்கள் எவ்வளவு பங்காற்றுகின்றன என்று பார்க்கும் டைம்ஸ் ஹையர் எஜுகேஷனின் இம்பாக்ட் பட்டியல் 2019இல் தொடங்கியது. அந்த 17 இலக்குகளில் 17ஆவது, அதாவது கூட்டுமுயற்சி, கட்டாயம். மற்றவற்றில் நீங்கள் அதிக மதிப்பெண் எடுத்த மூன்றுதான் மொத்தத்தில் சேரும். ஆகவே சிறிய பல்கலைக்கழகம் பதினேழின் பின்னாலும் ஓட வேண்டியதில்லை. வறுமை ஒழிப்பு இலக்கில், ஏழை மாணவர்களைச் சேர்ப்பதும் அவர்களுக்கு உதவுவதும் கணக்கில் வருகின்றன. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே கட்டணச் சலுகை கொடுக்கிறீர்கள் என்றால் அதற்கான ஆவணங்களை இப்போதே திரட்டுங்கள். செய்துவிட்டு எழுதி வைக்காமல் விடுவதுதான் நம்மவர்களின் வழக்கம்.

உங்கள் ஊரிலேயே பொறியியல் வளாகம் வைத்திருக்கும் யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்), 2008இல் உலகத் தரத்துக்கு உயர்த்த அரசாங்கம் கொடுக்கும் அபெக்ஸ் தகுதியைப் பெற்றபோதே நிலைத்தன்மையைத் தன் உருமாற்றத் திட்டத்தின் மையமாக வைத்தது. இம்பாக்ட் பட்டியலில் உலகின் 4ஆம் இடத்துக்கு வந்தது 2022இல். இடையில் 14 வருடம். இந்தக் கணக்கை உங்கள் மேலாளரிடமும் காட்டுங்கள். அடுத்த வருடமே இடம் வேண்டும் என்று கேட்க மாட்டார்.

அப்புறம் இன்னொன்று. கரண்ட் பில்லில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு அடுத்த சீரமைப்பு வேலைக்கே திரும்ப வரும் என்று நிதிப் பிரிவிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையாக விட்டால் அது பொதுக் கணக்கில் கரைந்துவிடும். இரண்டாம் வருடம் நீங்கள் மறுபடியும் கையேந்தி நிற்க வேண்டிவரும்.